ஐந்நூறு டிகிரியில் ஒரு புறா

லாண்டரிக்காரர் அந்தப் படுக்கை விரிப்பைத் தன் கடை மேசைமேல் பிரித்த பதவிசைப் பார்த்து, உள்ளே பிணம்தான் இருக்கிறது என்று நினைத்துவிட்டேன். பிணம் இல்லை. வெள்ளைத் துணியில் கறுப்புப் புள்ளிகள் இருந்தன. கடுகளவில் சில, மிளகளவில் சில. விரலால் தொட்டால் ஈஷிக்கொண்டே போயின.

"எண்ணிட்டேன் மேடம். இந்த ஒரு விரிப்புல மட்டும் நூத்தி எழுபத்தி மூணு."

"எண்ணுறதுக்குன்னே தனியா ஆள் வச்சிருக்கீங்களா?" என்றேன்.

அண்ணி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலேயே வாயை மூட வைப்பது அவருக்குக் கைவந்த கலை.

அண்ணி என்றால் என் சொந்த அண்ணனின் மனைவி. பதினாறு வருஷம் தீவிபத்து இன்சூரன்ஸில் சர்வேயராக இருந்தவர். எரிந்த கிடங்குக்குள் நுழைந்து, தானாக எரிந்ததா, யாராவது எரித்ததா என்று பத்து நிமிஷத்தில் சொல்லிவிடுவார். உண்மையைச் சொன்னதால் மேலதிகாரியோடு மனஸ்தாபம். வேலையை விட்டுவிட்டு வீட்டு முன்னறையில் துப்பறியும் நிலையம் தொடங்கினார். நான் அதுவரை தண்ணீர் சுத்திகரிக்கும் மிஷின் விற்றுக்கொண்டிருந்தேன். சரியாகச் சொன்னால், விற்காமல் இருந்தேன். "தம்பியை உன் கூட வச்சுக்கோ, வீட்ல இருந்தா ஃப்ரிட்ஜ் காலியாகுது" என்று அண்ணன் சிபாரிசு செய்ததில் உதவியாளர் ஆனேன்.

"எல்லாம் ஆஸ்பத்திரி விரிப்பு மேடம்," என்றார் லாண்டரிக்காரர். அறுபதை நெருங்குகிறவர். சட்டை அவரைவிட விறைப்பாக நின்றது. "மொட்டை மாடியில காயப்போடுறோம். எடுக்கறப்போ இப்படி இருக்கு. துணியாவது போகட்டும், மறுபடி துவைச்சுக்கலாம். எங்க இஸ்திரி அக்கா மூணு வாரமா ஆஸ்பத்திரியில கிடக்குறாங்க. மாடி ஜன்னலோரம் இருபத்திரண்டு வருஷமா நின்னு தேய்ச்சவங்க. இப்போ ஒரு தலையணை உறையைத் தூக்கினா மூச்சு வாங்குது. 'நீங்க புகை பிடிப்பீங்களா'ன்னு டாக்டர் கேட்டாராம். அதுக்குச் சிரிச்சிருக்காங்க. சிரிப்பு இருமலாகி அரை மணி நேரம் நிக்கல."

அவர் ஜன்னலைத் திறந்து கையை நீட்டினார். பின்கட்டில் பாய்லர் இரைந்துகொண்டிருந்தது. அதற்கு அப்பால், நாலு தெரு தள்ளி, வெள்ளி நிறத்தில் ஓர் உயரமான புகைபோக்கி. கீழே மதில்மேல் கொட்டை எழுத்து: 'பிளாஸ்டிக் இனி குப்பை அல்ல.'

"அவன்தான் மேடம். ஊர்க் குப்பையில இருக்கற பிளாஸ்டிக்கை எல்லாம் வாங்கி, காத்தே போகாத உலையில போட்டு உருக்கி, ஆவியாக்கி, எண்ணெயாக்குறானாம். அந்த எண்ணெயிலேர்ந்து மறுபடி புது பிளாஸ்டிக். 'நாங்க எரிக்கல, உருமாத்துறோம்'ங்கிறான். இந்தப் பக்கம் எல்லாரும் மந்திர மில்லுன்னுதான் சொல்வாங்க. இருநூத்திப் பன்னிரண்டு பேர்கிட்ட கையெழுத்து வாங்கி மனு எழுதியாச்சு. தெருமுனையில மைக் வச்சு நானே பேசினேன். ஆனா சுற்றுச்சூழல் ஆபீசர் என்ன சொல்றாரு தெரியுமா? மில் குழாயில மாட்டின புகை மீட்டர் சுழியம் காட்டுதாம். ஆதாரத்தோட நாளைக்குப் பதினொரு மணிக்கு வாங்கங்கிறார்."

"புள்ளி தினமும் விழுதா?" என்றார் அண்ணி.

"தினமும். ஞாயிறு மட்டும் இல்ல."

"ஞாயித்துக்கிழமை நீங்க துணி காயப்போடுவீங்களா?"

"எங்களுக்கு அன்னைக்கு லீவு. ஒரு தடவை சனிக்கிழமை சாயங்காலம் காயப்போட்டதை எடுக்க மறந்துட்டோம். திங்கக்கிழமை காலைல பார்த்தா பால் மாதிரி வெள்ளை."

"மில்லுக்கும் ஞாயிறு லீவா?"

"அவனுக்கு ஏது லீவு? 'ஓய்வறியா உலை'ன்னு போர்டே வச்சிருக்கான். ஞாயித்துக்கிழமை மட்டும் மனசாட்சி உறுத்துதோ என்னமோ."

அண்ணி நோட்டை எடுத்து ஒரே ஒரு சொல் எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'ஞாயிறு.'

"இதுக்கு நோட்டு எதுக்கு அண்ணி? காலண்டர்லயே போட்டிருக்குமே."

"கிளம்புங்க தம்பி," என்றார் அண்ணி. "இன்னைக்குப் புதன். மில்லுல பார்வையாளர் நாள்."

*

வாசலில் எல்லாருக்கும் மஞ்சள் தலைக்கவசம் கொடுத்தார்கள். எனக்குக் கிடைத்தது காதுவரை இறங்கியது. வந்திருந்த பதினாலு பேரையும் ஒரு விளக்க அதிகாரி அழைத்துப் போனார். இளைஞர். புன்னகையைக்கூட இஸ்திரி போட்டு மாட்டியிருந்தார்.

"இதுதான் உலை," என்று ஒரு வெள்ளி நிற ராட்சத டிரம்மைத் தட்டினார். "உள்ள ஐந்நூறு டிகிரி. காத்து போகாது. காத்து இல்லாததால எரியாது. எரியாததால புகை கிடையாது."

டிரம் பக்கத்தில் ஒரு பலகை. அதிலிருந்த முள் ஐந்நூறில் அசையாமல் நின்றது. அதை ஒருவர் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் அசையவில்லை.

அடுத்து ஒரு கண்ணாடிப் பாட்டில் கை மாறி வந்தது. உள்ளே பொன்னிறத்தில் தெளிந்த எண்ணெய். அண்ணி முகர்ந்து பார்த்தார்.

"நல்லா இருக்கு. அப்படியே பெட்ரோல் பங்க்ல நிக்கற மாதிரி வாசனை."

"நன்றி மேடம்," என்றார் விளக்க அதிகாரி. அது பாராட்டு இல்லை என்று எனக்குத் தெரியும்.

"நூறு கிலோ போட்டா எவ்வளவு வரும்?"

"எண்பது கிலோ எண்ணெய். மீதி வாயு. அந்த வாயுவையே உலையைச் சூடாக்கப் பயன்படுத்திக்கறோம்."

"கரி, கசடு?"

"கிட்டத்தட்ட இல்ல."

"அழுக்குக் கவர், மருந்து பாட்டில், பிஞ்ச செருப்பு எல்லாம் கலந்து வந்தா?"

"எங்க உலை பேதம் பார்க்காது மேடம்."

யாரோ கை தட்டினார்கள். அண்ணி தட்டவில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். உலையிலிருந்து ஒரு பெரிய குழாய் கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே போய் அந்த வெள்ளிப் புகைபோக்கியாக நின்றது. கூரையில் பதித்த கண்ணாடி வழியே அதன் உச்சி தெரிந்தது.

"இந்தக் குழாய் உலையிலேர்ந்து நேரா மேல போகுதா?"

"நேரா."

"இப்போ உலை ஓடிட்டு இருக்கா?"

"ரெண்டு வருஷமா ஒரு நிமிஷம்கூட நின்னதில்ல மேடம்."

நானும் அண்ணாந்தேன். ஒரு புறா வாயில் குச்சியோடு பறந்து வந்தது. புகைபோக்கியின் விளிம்பில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பார்த்தது. பிறகு, சொந்த வீட்டுக்குள் போவதுபோல, உள்ளே இறங்கியது. கொஞ்ச நேரத்தில் நலமாக வெளியே வந்தது. குச்சியைக் காணோம்.

"தம்பி," என்றார் அண்ணி, உதடு அசையாமல். "ஐந்நூறு டிகிரியில முட்டை வேக எவ்வளவு நேரமாகும்?"

"வேகாது அண்ணி. கருகிடும்."

"புறாவுக்கு யாராவது சொல்லியிருக்கலாம்."

வெளியே வந்து தலைக்கவசத்தைத் திருப்பிக் கொடுத்ததும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. "உலை ஓடவே இல்ல! முள்ளை ஆணி அடிச்சு வச்சிருக்கானுங்க. கேஸ் முடிஞ்சுது அண்ணி, ஆபீசரைக் கூப்பிட்டுடலாம்."

"கூப்பிட்டு என்ன சொல்வீங்க?"

"உலை ஓடலன்னு."

"உலை ஓடலன்னா புகை இல்ல. மீட்டர் உண்மையைத்தான் சொல்லியிருக்கு. அப்போ விரிப்புல விழுந்தது யார் வீட்டுப் புகை?"

உற்சாகத்தைத் தலைக்கவசத்தோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம் என்று தோன்றியது.

"ரெண்டு கேள்வி தம்பி. பாட்டில்ல இருந்த எண்ணெய் எங்கேர்ந்து வந்துச்சு? தினம் உள்ள போற பிளாஸ்டிக் எங்க போகுது?"

*

மில் வாசலில் மில்காரர்களே போட்ட ஒரு வேகத்தடை இருந்தது. அதற்கு நேர் எதிரே ஒரு பங்சர் கடை. கடைக்காரர் முக்காலியில் உட்கார்ந்து ஒரு டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்தார். நாள் முழுக்க அவர் கண்ணுக்கு நேரே இருப்பது அந்த வேகத்தடைதான்.

"எனக்கு மூஞ்சி ஞாபகம் இருக்காதும்மா," என்றார் எடுத்த எடுப்பிலேயே. "டயர் ஞாபகம் இருக்கும்."

"அதுதான் வேணும்," என்று அண்ணி ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்தார். "எண்ணெய் டேங்கர் லாரி வருமா இங்க?"

"செவ்வாய்க்கு செவ்வாய். அந்தச் சனியனாலதான் எனக்கு மத்தியானத் தூக்கமே போச்சு. உள்ள போறப்போ வேகத்தடையில அடிவயிறு உரசி 'கர்ர்ர்'ருனு போவும். வெளிய வர்றப்போ 'தடக் தடக்'குனு குதிச்சுக்கிட்டு ஓடும்."

அவர் இரண்டு சத்தத்தையும் இன்னொரு முறை செய்து காட்டினார். அருமையாகச் செய்தார். எனக்கு அதில் ஒன்றும் விளங்கவில்லை.

"தம்பி, எண்ணெய் வாங்கிட்டுப் போக வர்ற லாரி எப்படி வரணும்?" என்றார் அண்ணி.

"காலியா வரணும்."

"போறப்போ?"

"நிறைஞ்சு போ..." பாதியில் நின்றேன். பாரம் ஏற்றிய வண்டிதான் தாழும், உரசும். காலி வண்டிதான் குதிக்கும். "அண்ணி! இவங்க எண்ணெய் விக்கல. வாங்குறாங்க!"

"செவ்வாய்க்கிழமை வாங்கி, புதன்கிழமை பாட்டில்ல ஊத்திக் காட்டுறாங்க."

பங்சர் கடைக்காரர் டியூபைக் கீழே வைத்தார். "ஆரம்பத்துல ஒரு நாலு மாசம் நிஜமாவே ஓடுச்சும்மா. அந்த நாலு மாசம் பட்ட பாடு இருக்கே! கண்ணெல்லாம் எரியும். என் சம்சாரத்துக்கு அப்போ வந்த தலைவலி இன்னும் முழுசா விடல. ஒருநாள் 'டமார்'னு ஒரு சத்தம். கண்ட குப்பையையும் போட்டு உலைக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சுன்னு உள்ள வேலை செய்யறவர் சொன்னாரு. அதுக்கப்புறம் புகையே இல்ல."

"புகையே இல்லன்னா மனுவுல எதுக்குக் கையெழுத்துப் போட்டீங்க?" என்றேன்.

"அந்த நாலு மாசத்துக்குப் போட்டேன்."

அண்ணி எழுந்தார். "ஒரே ஒரு கேள்வி. இதுக்கு நேர்மாறா, காலியா குதிச்சுக்கிட்டு உள்ள போய், உரசிக்கிட்டு வெளிய வர்ற வண்டி ஏதாவது உண்டா?"

"ஏன் இல்லாம? நீலத் தார்ப்பாய் போட்ட மினி லாரி. தினம் ரெண்டு நடை."

"ஞாயித்துக்கிழமை?"

அவர் யோசித்தார். "வராது. அன்னைக்குத்தான் நான் நல்லா தூங்குவேன்."

சொல்லி வாய் மூடவில்லை. மில் கேட் திறந்தது. நீலத் தார்ப்பாய் வெளியே வந்தது. வேகத்தடையில் ஏறி இறங்கியது.

கர்ர்ர்.

*

துரத்தல் என்றால் டயர் கிறீச்சிட வேண்டும், பழ வண்டி கவிழ வேண்டும். இது மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் துரத்தல். பாரம் தாங்காமல் மினி லாரி முனகிக்கொண்டு போக, பின்னால் நானும் அண்ணியும் ஸ்கூட்டரில். ஒரு சைக்கிள்காரர் எங்களை முந்திப் போய்விட்டு, திரும்பிப் பார்த்து அனுதாபப்பட்டார்.

முதலில் அது ஒரு மர அறுவை மில்லுக்குள் போனது. தெருவோரம் காத்திருந்தோம். மதிலுக்கு மேலே தலை தெரியும் உயரம் எனக்கு. பார்த்ததை அப்படியே அண்ணிக்குச் சொன்னேன். "மூட்டையை இறக்குறாங்க. உள்ள இருக்கறதைக் கொட்டுறாங்க. பிளாஸ்டிக், அண்ணி. பூவா பூவா அரைச்ச பிளாஸ்டிக். அதோட மரத்தூளைக் கலக்குறாங்க. ஒரு மிஷின்ல போட்டு அமுக்குறாங்க. செங்கல் மாதிரி வருது. ஏற்கனவே அமுக்கி வச்ச மூட்டைகளை லாரியில ஏத்துறாங்க."

"மூட்டையில என்ன எழுதியிருக்கு?"

"'மரத்தூள் எரிகட்டி. சுத்தமானது. இயற்கையானது.'"

"மூணாவது வார்த்தையிலேர்ந்தே பொய்," என்றார் அண்ணி. "இல்ல, முதல் வார்த்தையில பாதியும் பொய்."

லாரி மறுபடி கிளம்பியது. அடுத்த நிறுத்தம் ஒரு ரொட்டிக் கடை. பின்வாசலில் எட்டு மூட்டை இறங்கியது. சந்தேகம் வராமல் இருக்க நான் முன்வாசலுக்குப் போய் ஒரு பன் வாங்கினேன். திரும்பி வந்து பாதி தின்ற பிறகுதான், பின்வாசல் வழியே உள்ளே போன எரிகட்டி எந்த அடுப்புக்கு என்று அண்ணி என்னிடம் விசாரித்தார்.

மீதிப் பன்னைக் கையிலேயே வைத்துக்கொண்டு வண்டியை ஓட்டினேன். தூக்கிப் போட மனசு வரவில்லை, தின்னவும் மனசு வரவில்லை.

லாரி இடப்பக்கம் திரும்பியது. வலப்பக்கம் திரும்பியது. ஒரு சந்துக்குள் நுழைந்தது.

"இந்த இடத்தை எங்கயோ பார்த்த மாதிரி இருக்கே அண்ணி."

லாரி ஒரு பச்சைக் கேட்டின் முன் நின்று ஹாரன் அடித்தது. உள்ளேயிருந்து முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்து கேட்டைத் திறந்தார். அவர் தலைக்கு மேலே, மொட்டை மாடியில், வரிசை வரிசையாக வெள்ளை விரிப்புகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

நாங்கள் காலையில் முன்வாசல் வழியாக வெளியே வந்த அதே லாண்டரி.

"ஞாயிறு," என்றார் அண்ணி. "லீவு மில்லுக்கு இல்ல. இவருக்கு."

*

"கண்டுபிடிச்சிட்டீங்களா மேடம்?" லாண்டரிக்காரர் இரண்டு கையையும் தேய்த்துக்கொண்டு வந்தார்.

"உங்க பாய்லருக்கு என்ன போடுறீங்க?"

"பாய்லருக்கா? மரத்தூள் கட்டி. முன்னாடி விறகு. ஒரு வருஷமா இதுதான். எங்க மாப்பிள்ளை ஏற்பாடு. ஏன் மேடம்?"

"ஒரு வாளித் தண்ணி வேணும்."

வாளி வந்தது. அண்ணி பாய்லர் அறையிலிருந்து ஒரு கட்டியை எடுத்து வந்து தண்ணீரில் போட்டார். "சுத்த மரத்தூளா இருந்தா ஊறி உப்பி, மாவா உதிர்ந்து போயிடும்," என்றார்.

நாங்கள் நாலு பேரும் வாளியைச் சுற்றி நின்றோம். நான், அண்ணி, லாண்டரிக்காரர், கேட்டைத் திறந்த அந்த மனிதர். அவர்தான் மாப்பிள்ளை. லாண்டரிக்காரரின் மகளைக் கட்டியவர், பாய்லர் அவர் பொறுப்பு. வாளியில் யாராவது குளிக்கப் போகிறார்கள் என்று நினைத்தோ என்னமோ, துவைக்கிற பெண்கள் இரண்டு பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

கட்டியின் விளிம்பில் மரத்தூள் கரைந்து பழுப்பாகப் பரவியது. பிறகு ஒவ்வொன்றாக மேலே மிதந்து வர ஆரம்பித்தது. நீல மூடி ஒன்று, பாதியாக. ஷாம்பூ பாக்கெட்டின் ஒரு மூலை. ரப்பர் செருப்பின் வார். மாத்திரை அட்டையின் துண்டு.

லாண்டரிக்காரர் குனிந்து அந்த மூடியை எடுத்தார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"மில்லுல இதை உருக்கி எண்ணெயாக்க முடியல," என்றார் அண்ணி. "வாங்கின குப்பைக்குக் கணக்குக் காட்டியாகணும், அதைத் தீர்த்தும் ஆகணும். அதனால அரைச்சு, மரத்தூள்ல ஒளிச்சு, எரிக்க அனுப்பிட்டாங்க. காத்தில்லாத உலையில உருகாதது, உங்க பாய்லர்ல காத்தோட எரியுது. இதை எரிச்சா வர்ற விஷத்துல கொஞ்சம் விரிப்புல கறுப்பா விழும். கண்ணுக்குத் தெரியாதது நெஞ்சுக்குள்ள போகும். உங்க புகைக்குழாய் எவ்வளவு உயரம்?"

"பதினெட்டு அடி."

"இஸ்திரி மேசை ஜன்னல்?"

எல்லாரும் நிமிர்ந்து பார்த்தோம். தகரக் குழாயின் வாய்க்கும் அந்த மாடி ஜன்னலுக்கும் நடுவே ஒரு ஆள் உயரம்கூட இல்லை. குழாயிலிருந்து மெல்லிய கறுப்பு இழை கிளம்பி, ஜன்னல் கம்பியைத் தடவிக்கொண்டு, விரிப்புகளின் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"யாரோ என்னை ஏமாத்திட்டாங்க," என்றார் லாண்டரிக்காரர். பிறகு, மெதுவாக, "மாப்பிள்ளை, உங்களுக்குத் தெரியுமா?" என்றார்.

மாப்பிள்ளை வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதல் வாரமே ஒரு மூடி கண்ணுல பட்டுது மாமா. கொண்டு வந்தவன்கிட்டக் கேட்டேன். 'மறுசுழற்சி செஞ்சது, விறகைவிட சுத்தம்'னு சீட்டுக் காட்டினான். முத்திரை எல்லாம் போட்டிருந்துச்சு. ஸ்டீமும் சீக்கிரம் ஏறுச்சு. நம்பிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் விரிப்புல புள்ளி விழுந்துச்சு. எனக்குச் சந்தேகம் வந்துச்சு. சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீங்க தெருமுனையில மைக் பிடிச்சுட்டீங்க மாமா. எல்லாரும் கை தட்டினாங்க." அவர் குரல் உள்ளே போனது. "அதுக்கு மேல எப்படிச் சொல்றது?"

மாப்பிள்ளையைத் திட்டிப் பழக்கமில்லாதவர் முகம் எப்படி இருக்கும் என்று அன்று பார்த்தேன். லாண்டரிக்காரர் அந்த நீல மூடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நேரே பாய்லர் அறைக்குப் போனார். எரிந்துகொண்டிருந்ததை இரும்புக் கம்பியால் வெளியே இழுத்துத் தண்ணீரைக் கொட்டினார். காலையில் வந்தபோதே காதில் விழுந்த இரைச்சல் இறங்கி இறங்கி நின்றது. மேலே மாடியில் நீராவி நின்றுபோய், "என்னாச்சு முதலாளி?" என்று ஒரு பெண்குரல் கேட்டது.

திரும்பி வந்தபோது அவர் சட்டையின் விறைப்பு போயிருந்தது.

"நாளைக்குப் பதினொரு மணிக்கு இதைச் சொன்னா, முதல் சீல் எனக்குத்தான் வைப்பாங்க மேடம்."

"ஆமா," என்றார் அண்ணி.

"ஆஸ்பத்திரி வேலை எல்லாம் போயிடும்."

"போகலாம்."

"சொல்லலன்னா?"

"ரொட்டிக் கடையில எட்டு மூட்டை இறங்கியிருக்கு," என்றார் அண்ணி. "இந்தத் தம்பி பாதி பன்தான் தின்னுருக்கார். தெருவே தின்னுட்டிருக்கு."

லாண்டரிக்காரர் மேசைக்குப் போனார். மனுவை எடுத்தார். முதல் பக்கத்தை நிதானமாகக் கிழித்துவிட்டு, வெள்ளைத் தாள் வைத்து எழுத ஆரம்பித்தார். நான் எட்டிப் பார்த்தேன். 'என் பாய்லரிலிருந்து வந்த புகை' என்று தொடங்கியிருந்தது. 'என்' என்ற சொல்லை இரண்டு தடவை அழுத்தி எழுதியிருந்தார்.

*

மறுநாள் காரியங்கள் வேகமாக நடந்தன. அதிகாரி முதலில் லாண்டரி பாய்லருக்குத்தான் சீல் வைத்தார். லாண்டரிக்காரரே அரக்கு உருக்கத் தீப்பெட்டி கொடுத்தார். அங்கிருந்து ரொட்டிக் கடை, மர அறுவை மில், கடைசியாக மந்திர மில். உலையைத் திறக்கச் சொன்னபோது விளக்க அதிகாரி முதல்முறையாக எதையும் விளக்கவில்லை. உள்ளே, பாதி உருகி இறுகிப்போன ஒரு பிளாஸ்டிக் பாறை. குழாய் தொடங்கும் மேட்டில் இரண்டு புறாக் கூடுகள். நாலு முட்டைகள். எதுவும் வேகவில்லை.

அதிகாரி குறிப்பில் 'உலை வெப்பநிலை: இதமானது' என்று எழுதினாரா என்று கேட்டேன். அண்ணி இந்த முறையும் திரும்பிப் பார்க்கவில்லை.

மத்தியானம் லாண்டரிக்காரர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். "நீங்களும் வாங்க மேடம். தனியா போனா பாதி வழியில திரும்பிடுவேன்," என்றார். போனோம்.

இஸ்திரி அக்கா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மெலிந்த உடம்பு, மூக்கில் ஆக்சிஜன் குழாய். லாண்டரிக்காரர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். மில் இல்லை, நம்ம பாய்லர். மரம் இல்லை, பிளாஸ்டிக். ஒரு வருஷம். எதையும் குறைக்கவில்லை. மாப்பிள்ளைமேல் தள்ளவும் இல்லை.

அக்கா நடுவில் பேசவில்லை. பேச மூச்சு வேண்டும்.

"தெரியும் முதலாளி," என்றார் கடைசியில்.

"தெரியுமா?"

"நாத்தம் நம்ம குழாய்லேர்ந்துதான் வருதுன்னு... ஆறு மாசம் முன்னாடியே கீழ இருக்கறவங்ககிட்ட சொன்னேன். ஜன்னலைச் சாத்திக்கோன்னாங்க. சாத்தினா ஸ்டீம்ல வெந்து போவோம். திறந்தேன்." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினார். "அப்புறம் நீங்க மனுவைக் கொண்டாந்து நீட்டினீங்க. நீங்க படிச்சவங்க. எனக்கு மூக்கு மட்டும்தான் இருக்குன்னு... கையெழுத்துப் போட்டுட்டேன்."

லாண்டரிக்காரர் அப்போதுதான் முக்காலியில் உட்கார்ந்தார். கைகூப்பப் போனார். அக்கா கையை அசைத்து நிறுத்தினார்.

"அதெல்லாம் அப்புறம் முதலாளி. மூணு வாரமா என் மேசையில யாரு நிக்கறா?"

"புதுசா ஒரு பொண்ணு."

"அவ இருமுறாளா?"

அவர் யோசித்தார். முகம் மாறியது. "ரெண்டு நாளா... ஜலதோஷம்னு சொன்னா."

"நானும் அப்படித்தான் சொன்னேன். லீவு கேட்கப் பயந்துக்கிட்டு." அக்கா அவரை நேராகப் பார்த்தார். "அவளா வாயைத் திறந்து சொல்ல மாட்டா. நீங்க போய்க் கூட்டிட்டு வாங்க. இன்னைக்கே."

லாண்டரிக்காரர் எழுந்து போனார். ஒரு மணி நேரம் கழித்து, நெஞ்சக மருத்துவர் அறைக்கு வெளியே ஒரு வரிசை நின்றது. முதலில் அந்தப் புதுப் பெண், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு. அவளுக்குப் பின்னால் துவைக்கிறவர்கள், பிழிகிறவர்கள், மடிக்கிறவர்கள். அவளோடு சேர்த்து எட்டு பேர். ஒன்பதாவதாக மாப்பிள்ளை. ஒரு வருஷம் அடுப்பு வாயிலேயே நின்றவர் அவர்தான். அவரைத் தோளைப் பிடித்து வரிசையில் நிறுத்தியது லாண்டரிக்காரர். பிடித்த கையை அவர் எடுக்கவில்லை.

சீட்டு எழுதும் பெண் கண்ணாடியை ஏற்றிவிட்டு வரிசையைப் பார்த்தார்.

"இத்தனை பேரா? எல்லாரும் ஒரே குடும்பமா?"

"இல்லம்மா," என்றார் லாண்டரிக்காரர். "ஒரே பாய்லர்."

அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் ஒன்பது சீட்டுகளைக் கிழித்தார். லாண்டரிக்காரர் வாங்கி எண்ணிப் பார்த்தார்.

"இன்னும் ஒண்ணு வேணும்மா," என்றார். பத்தாவது சீட்டைத் தனக்கென்று வாங்கிக்கொண்டு, மாப்பிள்ளைக்குப் பின்னால் போய் நின்றார்.